தொண்டு நிறுவனங்களுக்காகக் கச்சேரி: மேடை ஏறும் முன்பே பணம் வந்திருக்க வேண்டும்

பாளையங்கோட்டையில் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு மெல்லிசை நிகழ்ச்சி நடத்தி, வரும் பணத்தை ஊரிலுள்ள தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். 600 பேர் உட்காரும் மண்டபம் பார்த்தாயிற்று. டிக்கெட் என்ன விலை வைக்கலாம், என்னென்ன அனுமதி வாங்க வேண்டும், கையைக் கடிக்காமல் எப்படி முடிப்பது என்று கேட்கிறீர்கள்.

திருநெல்வேலிப் பக்கம் இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு வரவு செலவு பார்த்துப் பழகியவன் நான். டிக்கெட் விலையில் ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். டிக்கெட் விற்கிற காசில் செலவும் போய் மிச்சமும் நிற்கும் என்று நம்பி இறங்கியவர்கள் பெரும்பாலும் ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டுத்தான் மண்டபத்தைக் காலி செய்திருக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்கான தொகைகள், உங்கள் ஊர் ரேட்டை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். மண்டப வாடகை, கரன்ட், துப்புரவு எல்லாம் சேர்த்து 40,000. ஆர்கெஸ்ட்ராவுக்கு 90,000. சவுண்டு, லைட் 45,000. ஜெனரேட்டரும் டீசலும் 12,000. டிக்கெட், ஃப்ளெக்ஸ், அழைப்பிதழ் 15,000. கலைஞர்களுக்கும் தொண்டர்களுக்கும் சாப்பாடு 12,000. உரிமம், அனுமதிக் கட்டணங்கள் 15,000. சில்லறைச் செலவு என்று 11,000. மொத்தம் 2,40,000 ரூபாய். இனி வரவு. 600 நாற்காலியில் 150 ஓசி பாஸிலேயே போய்விடும். விளம்பரம் கொடுத்தவர், மண்டபத்துக்காரர், பாடகரின் குடும்பம், அதிகாரிகள், பயன்பெறும் இல்லங்களிலிருந்து வருபவர்கள் என்று பட்டியல் தானாக நீளும். மீதி 450-ல் 500 ரூபாய் டிக்கெட் 100, 300 ரூபாய் டிக்கெட் 200, 200 ரூபாய் டிக்கெட் 150 என்று ஒன்று விடாமல் விற்றாலும் 1,40,000-தான் வரும். அரங்கு நிறைந்த காட்சிக்கே ஒரு லட்ச ரூபாய் துண்டு விழுகிறது.

அந்த ஒரு லட்சத்தையும் அதற்கு மேலேயும் கொண்டுவருவது, கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்கி அச்சடிக்கும் விழா மலர்தான். பழைய வழிதான், இன்றும் பலிக்கிறது. பேக் கவர் 25,000, உள் அட்டை இரண்டுக்கும் தலா 15,000, முழுப் பக்கம் 5,000 வீதம் 30, அரைப் பக்கம் 3,000 வீதம் 30 என்று பிடித்தால் 2,95,000 ஆகிறது. மேடை ஸ்பான்சர் ஒருவர் 50,000 கொடுத்தால் 3,45,000. மலர் அச்சடிக்க 50,000 கழித்தால் 2,95,000 நிற்கும். நிகழ்ச்சிச் செலவு முழுவதையும் இதுவே தாங்கி, 55,000 மிச்சமும் வைக்கிறது. டிக்கெட் காசு 1,40,000 அப்படியே தொண்டுக்குப் போகும். ஆக மொத்தம் 1,95,000. “டிக்கெட் பணத்தில் ஒரு ரூபாய்கூட செலவுக்கு எடுக்கவில்லை” என்று மேடையில் சொல்ல முடிகிற நிலைமை இது ஒன்றில்தான் வரும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அடுத்த வருஷம் கடைக்காரர்கள் உங்களை உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது. “போட்டுக்கோங்க தம்பி, காசு அப்புறம் வாங்கிக்கலாம்” என்று சொல்லும் விளம்பரதாரர். ஐந்தில் ஒருவர் இப்படிச் சொல்லி இழுத்தடித்தாலே மேலே சொன்ன மிச்சம் முழுக்கக் கரைந்துவிடும். விளம்பர மேட்டர் வரும்போது செக்கோ ஜிபேயோ கூடவே வர வேண்டும், வராதது அச்சுக்குப் போகக் கூடாது. உறவு, நட்பு, கவுன்சிலர் என்ற தயவெல்லாம் இதில் வேண்டாம். வசூலுக்குத் தனியாகப் போகாமல் இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒருவர் அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்தவராக இருக்கட்டும், இன்னொருவர் ரசீது போடட்டும்.

கடைக்காரரிடம் நன்கொடைக்கான 80ஜி வரிவிலக்கு கிடைக்கும் என்று ஆசை காட்டவும் வேண்டாம். விளம்பரம் அவருக்கு வியாபாரச் செலவு, அதற்கான பில் கையில் இருந்தால் அவருடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். ஆகவே அவருக்குத் தேவை விளம்பர பில், நன்கொடை ரசீது கிடையாது. பெரிய கம்பெனி என்றால் சமூகப் பணிக்கென்று அவர்கள் ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதி கேட்கலாமே என்று குழுவில் யாராவது நிச்சயம் சொல்வார். பேனரில் பெயர் போட்டு விளம்பரப் பலன் அடையும் ஸ்பான்சர்ஷிப்பை சிஎஸ்ஆர் கணக்கில் சேர்க்க முடியாது என்று விதியே இருக்கிறது. அந்தக் கம்பெனியில் போய் விளம்பரப் பிரிவைப் பாருங்கள். இல்லத்துக்கு நேராக ஏதாவது செய்யச் சொன்னால் மட்டும் சிஎஸ்ஆர் பேச்சை எடுங்கள்.

இனி, பணம் யாருக்கு? விளம்பரம் கேட்டுக் கிளம்பும் முன்பே இது முடிவாகியிருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் இதற்குப் பஞ்சமில்லை. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறு வருஷம் கடந்த பள்ளிகள் இருக்கிற ஊர் அது. முதியோர் இல்லம், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளி, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வருபவர்களுக்குச் சாப்பாடு போடுபவர்கள் என்று தேடினால் கிடைக்கும். மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். இரண்டு லட்சத்தை எட்டாகப் பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது. எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதையும் முதல் கூட்டத்திலேயே மினிட்ஸில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பணம் வந்த பிறகு பிரிக்க உட்கார்ந்தால் சண்டை வரும்.

நேரில் போய் என்ன தேவை என்று கேளுங்கள். நாம் குளிர்சாதன வசதி செய்து தரலாம் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு போவோம், அவர்களுக்கு வேண்டியது கழிப்பறைக்குக் கைப்பிடியும் ராத்திரி கரன்ட் போனால் இன்வெர்ட்டரும் என்று தெரியவரும். “முதியோர் நலனுக்காக” என்று கேட்பதைவிட “இந்த இல்லத்தில் 12 கட்டிலுக்கு மெத்தை மாற்றுகிறோம்” என்று கேட்டால் விளம்பரம் சீக்கிரம் விழும்.

அந்த நிறுவனத்தின் காகிதங்களையும் பார்த்துவிடுங்கள். டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவானதா, வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவு நடப்பில் இருக்கிறதா, கடைசி ஆடிட் அறிக்கை எங்கே என்று கேட்பதில் தப்பில்லை. தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். நல்ல நிறுவனம் எதுவும் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

உங்கள் குழுவுக்கென்று பதிவு எதுவும் இல்லாததால் பணம் யார் கணக்கில் விழுவது என்பது பெரிய கேள்வி. குழுவில் ஒருவருடைய சொந்த சேமிப்புக் கணக்கில் மட்டும் விழவே கூடாது. ஊரில் ஏற்கனவே டிரஸ்ட் வைத்திருக்கும் ரோட்டரி, லயன்ஸ் சங்கம் ஒன்றோடு சேர்ந்து நடத்துங்கள். அது அமையாவிட்டால் நன்கொடை மட்டுமாவது நேராக அந்த இல்லத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். மண்டப வாசலில் வைக்கும் க்யூஆர் அட்டையும் அந்த இல்லத்துடையதாகவே இருக்கட்டும். வரிவிலக்கு வேண்டும் என்பவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது, பான் எண்ணும் தர வேண்டும். டிக்கெட் வாங்கியவருக்கு நாற்காலியும் பாட்டும் கிடைத்துவிட்டதால் டிக்கெட் காசுக்கு 80ஜி ரசீது கேட்க முடியாது. இதை டிக்கெட்டிலேயே சின்ன எழுத்தில் அச்சடித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

சிங்கப்பூர் மாமாவும் அமெரிக்க அண்ணனும் அனுப்புகிறேன் என்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுத்தால் ஆகும், கையில் இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சரி. அதை வாங்க அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்சிஆர்ஏ பதிவும், டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று கணக்கும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தக் காகித வேலையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றினால் 1971-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பங்களாதேஷ் அகதிகளுக்காக சிதார் கலைஞர் பண்டிட் ரவிசங்கரும் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் அந்த வருஷம் ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு காட்சி நடத்தினார்கள். நுழைவுக் கட்டணமாக வந்த சுமார் 2,43,000 டாலர் யூனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு இசைத்தட்டு விற்று வந்த பெரும்பணம்தான் மாட்டிக்கொண்டது. நிகழ்ச்சியை யூனிசெஃப் பெயரில் நடத்தாததாலும், வரிவிலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காததாலும் அமெரிக்க வரித்துறை அதை வருஷக்கணக்கில் நிறுத்தி வைத்தது. உலகப் புகழ் பெற்றவர்களுக்கே அந்தக் கதி.

நம் ஊரிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. கஸ்தூர்பா நினைவு நிதிக்காக 1944-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி தொடர் கச்சேரிகள் செய்தார். 1974-ல் அவருக்குக் கிடைத்த ரமோன் மக்சேசே விருதும் பொதுச் சேவைக்கானது. அவர் மாதிரி ஒருவர் பாடினால் விழா மலரே வேண்டாம்தான்!

தேதிக்கு வருவோம். முகூர்த்த நாளில் வைத்தால் ஊரில் பாதிப் பேர் ரிசப்ஷனில் இருப்பார்கள், மண்டபமும் முழு வாடகை கேட்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் நம் பக்கம் அம்மன் கோயில் கொடை விழாக்கள் வரிசையாக வரும். நல்ல ஆர்கெஸ்ட்ராக்காரர் யாரும் கைக்குக் கிடைக்க மாட்டார். புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா. கார்த்திகையும் மார்கழி முன்பாதியும் மழை. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி எப்படி ஓடியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கணக்கில் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமைதான் தோது. கல்யாணம் இல்லாததால் வாடகையைப் பேசிக் குறைக்கலாம், ஜவுளிக்கடைக்காரருக்கும் பொங்கல் வியாபாரத்துக்கு விளம்பரம் தேவைப்படுகிற சமயம். டிசம்பர் 31 பக்கமே போகாதீர்கள், அன்றைக்கு ஆர்கெஸ்ட்ரா ரேட் வேறு. தேர்தல் அறிவிப்பு வரப்போகிற வருஷம் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நடத்தை விதி வந்துவிட்டால் மேடைக்கு யாரை அழைப்பது என்பதிலிருந்தே சிக்கல் தொடங்கும்.

கலைஞர்களிடம் “நல்ல காரியம், சும்மா வந்து பாடுங்க” என்று கேட்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. முன்னணிப் பாடகர் தானாகக் குறைத்துக்கொண்டால் வாங்கிக்கொள்ளுங்கள். தபேலா, ரிதம் பேட், கீபோர்டு வாசிப்பவர்களுக்கும் சவுண்டு பையன்களுக்கும் அன்றைய கூலி அது, முழுசாகக் கொடுத்தாக வேண்டும். இன்னொன்று, இலவசமாக ஒத்துக்கொண்டவருக்கு அதே தேதியில் காசு வரும் நிகழ்ச்சி ஒன்று கிடைத்தால் கடைசி நேரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். பாதி அட்வான்ஸ் கொடுத்து, எத்தனை மணிக்கு மேடை, எத்தனை பாட்டு, போக்குவரத்து யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

இப்போது எல்லா ஊரிலும் கரோக்கி குழு இருக்கிறது. டாக்டர், ரிட்டயர்டான வங்கி மேனேஜர், ஆசிரியை என்று பாடுபவர்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொருவரும் இருபது டிக்கெட் விற்றுத் தருவார்கள் என்பது உண்மை. அவர்கள் எல்லாரும் ஆளுக்கு மூன்று பாட்டுப் பாடினால் காசு கொடுத்து வந்தவன் எழுந்து போய்விடுவான் என்பதும் உண்மை. முதல் பாதியில் நான்கு பாட்டு, ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது என்று கறாராக இருங்கள். பார்வையற்ற மாணவர்களில் நன்றாகப் பாடுபவர்கள் உண்டு. அவர்களை மேடையேற்றுவதானால் ஆர்கெஸ்ட்ராவோடு ஒத்திகை வைத்து, மற்றவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையும் தொகையும் கொடுத்து ஏற்றுங்கள். பரிதாபம் காட்டி நிறுத்தாதீர்கள்.

இல்லத்துப் பிள்ளைகளின் படத்தை ஃப்ளெக்ஸில் போடும் யோசனை வந்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது வேண்டாத வேலைதான்.

சினிமாப் பாட்டு பாடுவதற்கு உரிமம் வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். வேண்டும். பாட்டெழுதியவர், இசையமைத்தவர், வெளியிட்டவர் தரப்பில் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் நிகழ்ச்சிக்கு உரிமம் தருகிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தர்ம காரியத்துக்கு விலக்கு உண்டு என்று யாராவது அடித்துச் சொல்வார்கள். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கொடுக்கும் விலக்கு, அமெச்சூர் சங்கங்கள் காசு வாங்காமல் நடத்தும் நிகழ்ச்சிக்கும் மத நிறுவனத்தின் பயனுக்காக நடத்தும் நிகழ்ச்சிக்கும்தான். டிக்கெட் விற்று முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பது அதில் அடங்காது. பெரிய இசையமைப்பாளரின் பாட்டுகளை மட்டுமே வைத்து நிகழ்ச்சி என்றால், அவர் உரிமையைத் தானே வைத்திருக்கிறாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. இசை நிகழ்ச்சி டிக்கெட் 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. அதனால்தான் மேலே கணக்கில் உச்ச விலையை 500 என்று வைத்தேன். உங்களோடு சேரும் டிரஸ்ட் ஏற்கனவே ஜிஎஸ்டி பதிவு செய்தது என்றால், 500 ரூபாய்க்கு மேல் நன்கொடையாளர்களுக்கென்று டோனர் பாஸ் போடும் முன் அவர்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். விளம்பர வருமானத்தையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. டிக்கெட் போட்டு நடத்தும் இசை நிகழ்ச்சிகளையும் அதற்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். டிக்கெட் அச்சடிக்கும் முன் மாநகராட்சி வருவாய்ப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

காவல்துறை அனுமதிக்கு ஒரு மாதம் முன்பே ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மண்டபத்தின் தீயணைப்புச் சான்று நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்கி வையுங்கள். ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும், நம் கல்யாண மண்டபங்கள் பாதி திறந்தவை என்பதால் மூடிய உள் அரங்குக்கு இருக்கும் விலக்கை நம்ப வேண்டாம். ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியும் தெருவுக்கொரு பள்ளியும் இருக்கிற ஊரில் இந்த 100 மீட்டரை நாடா பிடித்துப் பார்த்துவிட்டு மண்டபத்தை முடிவு செய்யுங்கள்.

சவுண்டுக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பெட்டி கொண்டுவருவார் என்று கேட்காதீர்கள், பாடகருக்குத் தன் குரல் கேட்க அவர் பக்கம் திருப்பி வைக்கும் மானிட்டர் பெட்டி எத்தனை வைப்பார் என்று கேளுங்கள். தன் குரல் தனக்குக் கேட்காமல் பாடுபவர் சுருதி விலகுவார், கூட்டம் அவரைக் குறை சொல்லும். மத்தியானம் 3 மணிக்கு சவுண்டு செக். அப்போது ஜெனரேட்டரை ஓட விட்டு, மைக் எல்லாம் திறந்து வைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் அடியில் ஓடினால் பெரும்பாலும் எர்த் சரியில்லை, அல்லது லைட்டும் சவுண்டும் ஒரே லைனில் இருக்கின்றன. 6 மணிக்குக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. கல்யாண மண்டபத்தில் காலி ஹாலில் எதிரொலி அதிகமாக இருக்கும், ஆள் நிறைந்தால் அடங்கும். அதற்காக அப்போதே ஒலியைக் கூட்டிக் குறைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

டிக்கெட் புத்தகம் எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டு, யாரிடம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் கையெழுத்தோடு எழுதுங்கள். மூன்று நாள் முன்பே அடிக்கட்டையும் விற்காத டிக்கெட்டும் பணமும் திரும்பி வந்துவிட வேண்டும். பாஸையும் இதே எண் வரிசைக்குள் கொண்டுவாருங்கள், நாற்காலி எண்ணிக்கைக்கு மேல் ஒரு சீட்டுகூட வெளியே போகக் கூடாது. 2023 செப்டம்பரில் சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் வாசலோடு திரும்பியதை நாடே பார்த்தது. அங்கே பல்லாயிரம் பேர், உங்களுக்கு 600. ஆனால் உங்கள் ஊரில் திரும்பிப் போகிறவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார்.

அன்று மாலை 6 மணி என்றால் 6 மணிக்குப் பாட்டு தொடங்கட்டும். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் சேர்த்து 15 நிமிஷம், அதுவும் இரண்டு பாட்டுக்குப் பிறகு. பொன்னாடைக்கு ஆகும் செலவில் ஒரு மெத்தை வாங்கலாம் என்பது என் நெடுநாள் புலம்பல், யாரும் கேட்டதில்லை. உதவி கேட்கும் பேச்சைக் கடைசியில் வைக்காதீர்கள், 9 மணிக்கு மேல் பஸ்ஸைப் பிடிக்கக் கூட்டம் கரையத் தொடங்கும். இடைவேளைக்குச் சற்று முன்பு, இல்லத்தை நடத்துபவர் மூன்று நிமிஷம் பேசட்டும். உடனே தொண்டர்கள் க்யூஆர் அட்டையோடு வரிசைக்குள் போகட்டும். நேயர் விருப்பச் சீட்டும் நன்றாக ஓடும். 500 ரூபாய் நன்கொடை கொடுத்தால் கேட்ட பாட்டு, பாடும்போது பெயரும் சொல்வார்கள். என்ன பாட்டெல்லாம் வாசிக்க முடியும் என்ற பட்டியலை ஆர்கெஸ்ட்ராவிடம் முன்பே வாங்கி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒத்திகை பார்க்காத பாட்டைக் கேட்டு ஒரு பெரியவர் மேடை ஓரத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

அன்றிரவே பணத்தை மூன்று பேர் எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள், மறுநாள் காலையில் வங்கிக்குப் போகட்டும். பத்து நாளுக்குள் வரவு செலவை ஒரு பக்கத்தில் அச்சடித்து விளம்பரம் கொடுத்த ஒவ்வொரு கடைக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரிய அட்டை செக்கோடு போட்டோ எடுப்பதைவிட இதற்கு மதிப்பு அதிகம். பில்களின் நகல் அந்த இல்லத்திடம் ஒரு செட், உங்களிடம் ஒரு செட்.

இப்போதைக்கு மண்டபத்துக்காரரிடம் தேதியைப் பென்சிலில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பேக் கவரும் மேடை ஸ்பான்சரும் யார் என்று முடிவாகி, அவர்கள் செக் கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.